குடத்தால் அளந்த ஓடம்

சென்ற கார்த்திகை மாதம் என் சித்தியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கைப்பேசி இல்லாத வீடு அல்ல அது. ஆனாலும் முக்கியமான சங்கதி என்றால் சித்தி இன்லண்டு லெட்டரில்தான் எழுதுவாள். "பேசினால் நடுவில் நீ குறுக்கிடுவாய், எழுதினால் முழுக்கப் படிப்பாய்" என்பது அவள் கட்சி.

க்ஷேமம் விசாரித்த நாலு வரிக்குப் பிறகு, கத்தரிக்காய் வாங்கச் சொல்வதுபோல இப்படி எழுதியிருந்தாள்: "உன் சித்தப்பாவுக்கு ஓர் ஓடம் வாங்க வேண்டும். பழசே போதும். கனம் மட்டும் இருக்கக்கூடாது. நீ பத்திரிகைக்காரன், நாலு பேரைத் தெரிந்திருக்கும். விசாரித்துச் சொல்லு. அவருக்கு இப்போது தெரிய வேண்டாம்."

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து சற்றுத் தள்ளி, தலைச்சோலைப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஐந்து ஏக்கரில் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, நடுநடுவே ஆரஞ்சு, பலா. வீட்டு வராந்தாவிலிருந்து இறங்கினால் ஒரு குளம். கோடையில் காப்பிச் செடி பூப்பதற்காகத் தண்ணீர் தெளிக்கச் சேமித்து வைக்கும் குளம். அதில் வெகுகாலமாக ஒரு மரப் படகு கிடந்தது. தட்டையான அடி, தடித்த பலகை, வருஷா வருஷம் தார் பூசிப் பூசி யானைக்குட்டி மாதிரி கனத்துப்போன படகு. வேலை ஓய்ந்த மாலைகளில் சித்தப்பா அதில் ஏறிக் குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார்.

முந்திய வருஷம் ஆவணியில் ஒரு நாள், மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று அந்தப் படகைத் தனி ஆளாகக் கரைக்கு இழுத்திருக்கிறார். மூன்று பேர் இழுக்க வேண்டிய படகு. பாதியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் சித்தி எத்தனை தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டாளோ! பிழைத்தார். இருதயத்தில் ஆபரேஷன் நடந்தது. ஊருக்குத் திரும்பிய மறுவாரமே சித்தி ஆள் விட்டு அந்தப் படகைப் பிளந்து வெந்நீர் அடுப்புக்கு விறகாக்கிவிட்டாள்.

அந்தச் சித்திதான் இப்போது ஓடம் தேடுகிறாள்!

நேரில் போய்க் கேட்டேன். சித்தப்பா அப்போது வராந்தாவில் குளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் "வாடா" என்றார், அவ்வளவுதான். சித்தி என்னைச் சமையல் கட்டுக்குள் அழைத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள்:

"பதினைந்து மாசமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நடக்கச் சொன்னால் நடக்கிறார், மருந்து கொடுத்தால் குடிக்கிறார். பேச்சுத்தான் இல்லை. டாக்டரிடம் துடுப்புப் போடலாமா என்று நானே கேட்டேன். மார்பு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நிதானமாகப் போட்டால் நல்லதுதான் என்றார். கனம் தூக்கவோ இழுக்கவோ கூடாது, விடிகாலைக் குளிரில் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்றும் சொன்னார். நான் எரித்ததை நான்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்?"

எத்தனை குடம்?

லேசான ஓடம் என்றால் எவ்வளவு லேசு? இந்தக் கேள்விக்கு நான் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சித்தி சமையல் கட்டிலேயே விடை கண்டுவிட்டாள்.

"காஸ் சிலிண்டரை என்னால் அசைக்கத்தான் முடியும், தூக்க முடியாது. தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் குடத்தைத் தூக்குவேன். ஆனால் கரை வரைக்கும் சுமந்து போவேனா என்றால், முக்கால் குடம்தான்."

வீட்டுச் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு மட்டும் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். சித்தியின் முக்கால் குடத்தை நிறுத்துப் பார்த்தோம்; பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினால் ஓடம் மொத்தம் இருபது கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோகூடக் கூடாது. மறுமுனையைப் பிடிப்பவர் சித்தப்பாவா என்று கேட்டேன். "அவரைத் தொட விடுவேனா? தோட்டத்து ஆள் பிடிப்பான். ஆள் வராத நாளில் ஓடம் கிடக்கட்டும்" என்றாள்.

ஏற்காட்டுக்கு வந்திருக்கும் நீங்கள், "ஏன், ஊர் நடுவே பெரிய ஏரி இருக்கிறதே, அங்கே போய்ப் படகு விடலாமே" என்று கேட்கலாம். விடலாம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் டிக்கட் வாங்கி, கூட்டத்தோடு கூட்டமாக மிதி படகில் ஏறிச் சுற்றலாம். ஆனால் தன் குளத்தில் தனியே துடுப்புப் போட்டவருக்கு அது கல்யாணப் பந்தியில் காத்திருந்து சாப்பிடுவது மாதிரி. சித்தப்பா ஒரு தடவை போய்விட்டு வந்து, "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

செருப்புத் தைத்தவரின் ஓடம்

லேசான ஓடம் தேடிப் புறப்பட்டவர்களில் என் சித்தி முதல் ஆள் அல்ல. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் ஸியர்ஸ் என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தைப்பது தொழில். 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதுவது ஆசை. குள்ளமான, ஒடிசலான தேகம். போதாக்குறைக்கு நுரையீரல் நோய் வேறு. அந்த நாளில் நியூயார்க் மாகாணத்துக் காட்டு ஏரிகளுக்குப் போகிறவர்கள் கனமான படகைச் சுமக்கக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தரைவழியே படகைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? நெஸ்மக்கிடம் கூலிக்குப் பணமும் இல்லை, சுமக்கத் தெம்பும் இல்லை.

ஆகவே ரஷ்டன் என்ற படகுத் தச்சரிடம், தாமே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓர் ஓடம் கட்டித் தரச் சொன்னார். கட்டிய பிறகு இன்னும் லேசாக வேண்டும் என்றார். பிறகு இன்னும் லேசாக. 1883-ல் கட்டிய ஓடம் ஒன்பது அடி நீளம், பத்தரை ராத்தல் எடை. அதாவது ஐந்து கிலோவுக்கும் குறைவு! நம் வீட்டு இட்லிக் குண்டானும் அதன் சாமான்களும் சேர்ந்தால் அவ்வளவு இருக்கும். அந்தத் தக்கையில் உட்கார்ந்து, அறுபது வயதைத் தாண்டிய அந்த நோயாளி 266 மைல் சுற்றிவிட்டு வந்தார்.

ஓடத்துக்கு அவர் வைத்த பெயர் ஸேரி காம்ப். டிக்கன்ஸ் எழுதிய 'மார்ட்டின் சஸல்விட்' நாவலில் வருகிற ஒரு நர்ஸ் அம்மாள் அவள். மதுப் புட்டியைத் தவிரத் தண்ணீரைத் தொடமாட்டாள். தம் ஓடமும் தண்ணீரை உள்ளே விடாது என்பதால் அந்தப் பெயராம்!

மரத்துக்குப் பிறகு உலோகம் வந்தது. 1944-ல் க்ரம்மன் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் அதிகாரி ஒருவர், விடுமுறையில் கனத்த ஓடத்தைச் சுமந்து தோள் நொந்து, விமானம் செய்கிற அலுமினியத் தகட்டிலேயே ஓடமும் செய்தால் என்ன என்று யோசித்தார். மறு வருஷமே பதின்மூன்று அடி, முப்பத்தெட்டு ராத்தலில் அலுமினிய ஓடம் விற்பனைக்கு வந்துவிட்டது. இதைச் சித்தப்பாவின் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. இதே சேர்வராயன் மலையின் பாக்ஸைட் மண்தானே, 1965-ல் தொடங்கிய மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு லாரி லாரியாக இறங்கிப் போயிற்று? 2008-ல் அந்த உருக்காலை நின்றுவிட்டது. இந்த மலையின் மண் எத்தனையோ வீடுகளில் குண்டானும் கரண்டியுமாக இருக்கிறது. ஓடமாகத்தான் ஆகவில்லை.

அதே 1965-ல் ஸ்டெஃபனி குவாலெக் என்ற ரசாயனப் பெண்மணி, டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு புது இழையைக் கண்டுபிடித்தார். கலங்கிய மோர் மாதிரி இருந்த கரைசலைக் கொட்டிவிடாமல் நூற்றுப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். கெவ்லார் என்கிற அந்த இழைதான் குண்டு துளைக்காத சட்டையாகவும், இருபது கிலோவுக்குள் அடங்கும் பெரிய ஓடங்களாகவும் இன்று உலகம் சுற்றுகிறது. நம் ஊரில் அது கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது துர்லபம். அதனால் பழைய ஓடத்துக்கே திரும்புவோம்.

கட்டிப் பிடித்து நிறுத்தது

முதலில் அகப்பட்டது சென்னைக் கடற்கரைச் சாலையில் ஒருவரிடம் இருந்த பிளாஸ்டிக் ஓடம். இருவர் உட்காரலாம், மஞ்சள் வர்ணம், புகைப்படத்தில் பார்த்தால் புத்தம் புதுசு. எடை என்ன என்று டெலிபோனில் கேட்டேன். "இருபத்திரண்டு கிலோ சார், ஒரு கையால் தூக்கலாம்" என்றார். இரண்டு கிலோதானே, பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் சித்தி சும்மா விடவில்லை. "எடை மெஷினைக் கையோடு எடுத்துக்கொண்டு போ" என்றாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த மனிதர் வீட்டு வாசலில், எடை மெஷின்மேல் முதலில் நான் மட்டும் நின்றேன்: 68. பிறகு அந்த ஓடத்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றேன். தெருவில் போன குழந்தைகள் நின்று வேடிக்கை பார்த்தன. முள் 102-ல் நின்றது. முப்பத்து நாலு கிலோ! "ஸீட்டைக் கழற்றிவிட்டால் குறையும் சார்" என்றார் அவர், கண்ணில் சலனமே இல்லாமல்.

அதோடு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி வெளுத்துச் சொரசொரத்துப் போகுமே, அந்த மாதிரி இருந்தது. நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி வந்தது. அந்த நிலையில் பிளாஸ்டிக் முறுகிவிட்டது என்று அர்த்தம்; எந்தக் கல்லில் பட்டு எப்போது விரியுமோ, சொல்ல முடியாது. பழைய ஓடம் வாங்கப் போகிறவர்கள் வர்ணத்தைப் பார்க்கிறார்கள், ஸீட்டைப் பார்க்கிறார்கள். முதலில் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கப் போனால் அவர் சட்டையையா பார்க்கிறோம்?

பண்ணவாடித் துறையில்

"ஏன்டா, பரிசல் வாங்கினால் என்ன?" என்று அடுத்த யோசனையும் சித்தியுடையதுதான். சேலத்துக்காரிக்குப் பரிசல் ஞாபகம் வராமல் இருக்குமா? வானம் தெளிந்த நாளில் ஏற்காட்டு மலை முனையில் நின்றால் தூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம் வெள்ளித் தகடாய்த் தெரியும். அங்கே மீன் பிடிக்கிறவர்களின் வாகனமே பரிசல்தான்.

பரிசல் வெகு பழசு. சுமார் 1520-ல் விஜயநகரத்துக்கு வந்த பேயஸ் என்ற போர்த்துகீசிய யாத்திரிகர், கூடை மாதிரி வட்டமாக, உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக இருக்கும் ஓடங்களில் ஜனங்கள் ஆற்றைக் கடப்பதை அதிசயமாக எழுதி வைத்திருக்கிறார். ஈராக்கிலும், இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டிலும்கூட இதே வட்ட ஓடத்துக்கு உறவுக்காரர்கள் உண்டு. தோல் போய், மூங்கில் பின்னலின்மேல் சாக்கும் தாரும் வந்தது. இப்போது ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது.

சித்தியும் நானும் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் பண்ணவாடிக்குப் போனோம். 1934-ல் அணை கட்டி முடிந்தபோது முழுகிப்போன ஊர்களின் இடம் அது. தண்ணீர் வற்றும் வருஷங்களில் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரங்களும் தலை நீட்டும். நாங்கள் போன அன்று தண்ணீர் நிறைய இருந்தது, நந்தியைக் காணோம். துறையில் வயதான பரிசல்காரர் ஒருவர் மூன்று பழைய பரிசல்களைக் காட்டினார். மூங்கில் பரிசல் ஒன்றை அவரே தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆமை மாதிரி நடந்து காட்டினார். விலையும் மலிவு. சித்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. "முடிந்தது காரியம்" என்று நான் பர்ஸை எடுத்தேன்.

பரிசல்காரர் கையமர்த்தினார். "யாருக்குங்க அம்மா?" என்று கேட்டார். சித்தி விவரத்தைச் சொன்னாள்.

"அப்படின்னா வேண்டாமுங்க. பரிசலு ஒத்தையாளு தூக்கலாம், மெய்தான். ஆனா தள்ளுறதுக்கு முன்னால குனிஞ்சு, தண்ணிய நம்ம பக்கமா வாரி வாரி இழுக்கோணும். கொஞ்சம் அசந்தா சுத்தும். எனக்கே சாயங்காலம் நெஞ்சுக்கூடு வலிக்குதுங்க. ஐயாவுக்கு நீட்டு ஓடமாப் பாருங்க. அதுதான் ஒரு தள்ளு தள்ளினா நாலு முழம் தானாப் போகும். இன்னொண்ணு, மூங்கிலு ரெண்டு வருசத்துல உளுத்துப்போவும். நாங்க தண்ணியிலயே கிடக்கோம், பாத்துக்குவோம். நீங்க மலை மேல யாரைக் கூப்புடுவீங்க?"

விற்க வேண்டியவர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? சித்தி அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரோ, வந்தவர்கள் சும்மா போகக்கூடாது என்று எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கினார். பரிசல் சுழன்றபோது சித்தி பாவாடைச் சிறுமி மாதிரி கூவினாள். ஓகேனக்கலுக்குப் போயிருக்கும் உங்களுக்கு அந்தச் சுழற்சி தெரியும். அங்கே வெள்ளம் வந்தால் பரிசலைத் தடை செய்துவிடுவார்கள் என்பதும் தெரிந்திருக்கும்.

மண்பானைக் காது

தை பிறந்தது. வழியும் பிறந்தது. பெங்களூரில் ஓர் இளம் என்ஜினீயர் தம் கையாலேயே கட்டிய ஓடத்தை விற்கப்போவதாக ஒரு நண்பர் மூலம் தெரிய வந்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு புறப்படுகிறார். மெல்லிய பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்ஸி என்கிற ரெசினை ஊற்றி, மேலே கண்ணாடி நாரிழைத் துணி போர்த்திய ஓடம். பதின்மூன்று அடி நீளம். விலை நாற்பதாயிரம்.

சித்தியும் வந்தாள். எடை மெஷினும் வந்தது.

ஓடம் ஒரு கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்தது. தேன் நிறத்தில் மரத்தின் ரேகை பளபளத்தது. நான் மயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தோம்: 87. என்னைக் கழித்தால் 19 கிலோ. சித்தியின் முக்கால் குடக் கணக்குக்குள் அடங்கிவிட்டது. முனையில் கண்ணை வைத்து நீளவாட்டில் பார்த்தேன், கோணல் இல்லை. இரண்டு முனைகளிலும் காற்று அறைகள் இருந்தன. ஓடம் கவிழ்ந்தாலும் முழுகாமல் தாங்குகிறவை அவை. மூடியைத் திறந்து சித்தி மூக்கை நுழைத்தாள். "புழுங்கல் வாசனை இல்லை. ஈரம் தங்கவில்லை" என்றாள்.

பிறகு அவள் செய்ததுதான் வேடிக்கை. விரலை மடக்கி, அடிப்பக்கத்தை முனையிலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனாள். டக், டக், டக். காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சந்தையில் பானை வாங்குகிற அதே பாவனை. என்ஜினீயர் மரியாதையாகச் சிரித்தார். பின்பக்கத்து முனைக்கு இரண்டு முழம் முன்னால் சத்தம் மாறியது. டொப். மறுபடி தட்டினாள். டொப்.

"இங்கே என்னப்பா?"

என்ஜினீயர் குனிந்து பார்த்தார். வார்னிஷுக்கு அடியில் ஒரு தோசை அகலத்துக்கு மரம் லேசாகக் கறுத்திருந்தது. அவர் முகமும் மாறியது. "போன வருஷம் ஓர் ஏரியில் பாறையில் உரசியதம்மா. கீறலை மேலோடு பூசிவிட்டேன். உள்ளே தண்ணீர் போயிருக்கும் என்று தோன்றவில்லை" என்றார். பொய் சொல்கிற பிள்ளை அல்ல. அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. நாரிழைத் துணிக்கும் மரத்துக்கும் இடையே பிடிப்பு விட்டுப்போய்த் தண்ணீர் கசிந்திருக்கிறது. அப்படியே விட்டால் அந்த இடம் ஊறி, மெத்தென்று ஆகி, ஒரு நாள் நடுக்குளத்தில் சித்தப்பாவின் காலுக்கடியில் வாய் திறக்கும்.

"சரி, போகலாம்" என்று நான் எழுந்தேன். எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. சித்தி எழுந்திருக்கவில்லை.

"இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

முடியும் என்றார் அவர். கெட்ட இடத்துத் துணியை உரித்து, மரத்தை நன்றாக உலரவிட்டு, ரெசின் நிரப்பி, புதுத் துணி ஒட்டி, காய்ந்ததும் தேய்த்து, வெயில் தாங்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும். கையுறை இல்லாமல் ரெசினைத் தொடக்கூடாது, தோல் தடித்துவிடும். சாமான் செலவையும் சொன்னார். சித்தி விரல் விட்டு எண்ணினாள். சாமான் செலவு, கூலி, பெங்களூருக்கு வந்துபோன பெட்ரோல், "பிறகு என் மனக் கவலைக்கு ஒரு ஆயிரம்" என்று சேர்த்துக் கழித்து முப்பத்தோராயிரம் என்றாள். துடுப்பு இரண்டும் அதில் சேர்த்தி.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டார். "நான் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீங்கள் முப்பத்து நாலு கொடுங்கள். ரிப்பேரை நானே செய்து தருகிறேன். நான் கட்டிய ஓடம், இன்னொருவர் உரிப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்."

மூன்று வாரம் கழித்து நாங்கள் மறுபடி போனபோது சித்தி அதே இடத்தைத் தட்டினாள். டக். பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

இருபது வளைவுகள்

காரின் கூரையில் ஓடத்தைக் கவிழ்த்து வைத்து, நடுவில் இரண்டு பட்டை வார், முன் முனையிலும் பின் முனையிலும் தனித்தனிக் கயிறு என்று கட்டினோம். முனைக் கயிறு முக்கியம். நெடுஞ்சாலையில் எதிர்காற்று ஓடத்தின் மூக்கைத் தூக்கப் பார்க்கும். வாலில் சிவப்புத் துணி. தர்மபுரிக்கு அருகே டீக் கடையில் நிறுத்தியபோது, "இது என்னங்க, சவப்பெட்டியா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் அவர் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சித்தி ஜன்னல் வழியே கையை நீட்டிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். இதே பாதையில்தான் அன்று மார்பைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரோடு கீழே இறங்கினாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருபதாவது வளைவு தாண்டியதும் மட்டும், "அன்றைக்கு இது எத்தனை நேரம் ஆயிற்று தெரியுமா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சித்தப்பா வராந்தாவிலிருந்து எழுந்து வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஓடத்தின் விளிம்பில் விரலால் தடவினார்.

"யார் வாங்கினது?"

"நான்தான்" என்றாள் சித்தி.

"உனக்கு என்னத்துக்கு ஓடம்?"

"நான் போகப் போகிறேன். துணைக்கு வேண்டுமானால் நீங்களும் வரலாம்."

மறுநாளே தண்ணீரில் இறக்கிவிடவில்லை. முதலில் தோட்டத்து ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மூங்கில் தாங்கிகள் செய்தான், குனிந்து தூக்க வேண்டியிராமல். கொட்டகை நிழலில் ஓடம் அவற்றின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தது. வெயிலும் ஈர மண்ணும் பட்டால் எந்த ஓடமும் சீக்கிரம் கெடும். பிறகு நானும் தோட்டத்து ஆளும் ஓடத்தைக் கரையோரம் மிதக்கவிட்டு, நடுவில் மணல் மூட்டைகளை வைத்து ஒரு மணி நேரம் விட்டோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்பது சித்தியின் உத்தரவு. அவளுக்கு நீச்சல் தெரியாது. சட்டையைப் போட்டுக்கொண்டதும் நான் அதன் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். காதுவரை ஏறினால் பெரிய சைஸ் என்று அர்த்தம். தண்ணீரில் சட்டை மிதக்கும், ஆள் நழுவிவிடுவார். சித்தப்பாவுடையது சரியாக இருந்தது. சித்தியுடையது காதுக்கு வந்துவிட்டது. சேலத்துக்கு ஆள் அனுப்பி மாற்றி வரும்வரை இன்னும் இரண்டு நாள் காத்திருந்தோம்.

மாசி மாதத்து மாலை, நாலரை மணி. வெயில் இருந்தது, குளிர் இல்லை. சித்தி மருமகளின் சல்வார் கமீஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். புடைவையோடு ஓடத்தில் ஏறக்கூடாது என்று நான்தான் சொன்னேன். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார். பதினைந்து மாதத்துக்கும் மேலாக நான் கேட்காத சிரிப்பு.

"இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொள். காலை நட்ட நடுவில் வை. நிற்காதே, உட்கார்" என்று அவர் சொல்லச் சொல்ல, சித்தி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் ஏறினார். ஓடத்தை நான் லேசாகத் தள்ளினேன். துடுப்பு தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கரையோரம் சுருட்டி வைத்திருந்த காவல் கயிறு என் கையிலிருந்து முழம் முழமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுக்குளத்தில் எங்கள் சித்தப்பா பேசுகிற குரல் கேட்டது. என்ன பேசினார் என்று இங்கிருந்து புரியவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். சித்தி திரும்பிப் பார்க்கப் பயந்து, முன்னாலேயே பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் இன்னோர் இன்லண்டு லெட்டர் வந்தது. தினமும் இரண்டு சுற்று. டாக்டர் பார்த்துத் திருப்தி என்றாராம். காப்பி பூத்துவிட்டதாம், குளத்து நடுவில் போனால்தான் வாசனை தெரிகிறதாம். தோட்டத்து ஆள் இரண்டு நாள் வரவில்லை, ஓடம் தாங்கியிலேயே கிடந்ததாம், சித்தப்பா தொடவில்லையாம். கடைசியில் ஓரத்தில் இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருந்தாள்: "மே மாசம் பேரக் குழந்தைகள் வருகிறார்கள். சின்னவன் பதினாறு கிலோ. அவன் சைஸுக்கு மிதவைச் சட்டை, தொடைக்கு நடுவே வார் உள்ளதாக, சென்னையில் கிடைக்குமா பார். பழசு வேண்டாம். இது மட்டும் புதுசு."